அல்டோவின் செட் விட்ஸுக்குப் போனபோது

என் பழைய அல்டோ காரை விற்க விளம்பரம் போட்டபோதே 'செட், கமராக்கள் சேராது' என்று எழுதியிருந்தேன். செட் என்றால் டாஷ்போர்டில் இருக்கும் வானொலி, பாட்டுப் பெட்டி; அதையும் கமராக்களையும் புதிதாக வாங்கிய டொயோட்டா விட்ஸ் காருக்கு மாற்றுவதுதான் எண்ணம். இருந்தும் கிண்ணியாவிலிருந்து பார்க்க வந்தவர் கதவைத் திறந்ததும் முதலில் விரல் வைத்தது அந்த ஏழு அங்குலத் திரையில்தான்.

"தம்பி, இதோட தானே?"

"இல்லை நானா. சாதாரண யூஎஸ்பி செட் ஒன்று போட்டுத் தாறன்."

சிரித்துக்கொண்டே விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். சரி, அது நியாயம்தான்.

வாங்கிய விட்ஸில் செட் இல்லாமல் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த செட், எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. அந்தச் செட்டில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 உடன் முடிந்துவிடும். நம் வானொலிகளோ பெரும்பாலும் அதற்கு மேலே. போதாக்குறைக்கு, முன்பு யாரோ பட்டரியைக் கழற்றி மாட்டியதில் அது பூட்டிக்கொண்டு, திரையில் மெமரி கார்ட்டைக் கேட்டபடியே நின்றது.

திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் எனக்குத் தெரிந்த வயரிங் பாஸ், அதாவது வண்டி மின்வேலைக்காரர், ஒருவர் இருக்கிறார். அல்டோவின் செட்டை வெளியே இழுத்ததும் பின்னால் இருந்த முடிச்சுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். முதலில் பூட்டியவர் சொக்கெட்டை வெட்டிவிட்டு, மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். மஞ்சளுக்கு எப்போதும் பட்டரி மின்சாரம் வேண்டும், செட்டின் ஞாபகம் அதில்தான் நிற்கிறது. சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மட்டும் உயிர் பெற வேண்டியது. இரண்டையும் திறப்போடு சேர்த்துக் கட்டினால், வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மணிக்கூடும் தேடி வைத்த அலைவரிசையும் அழிந்துபோகும். இவ்வளவு காலமும் செட் மலிவு, அதனால்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

விட்ஸில் எதையும் வெட்ட வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். டொயோட்டாவுக்கென்றே பத்து முனை, ஆறு முனை சொக்கெட்டுகள் கடையில் கிடைக்கின்றன. செட்டின் வயர்களை அதில் ஒட்டி, வண்டியின் சொக்கெட்டில் அப்படியே செருகினால் போதும். ஜப்பானிய டொயோட்டாக்களில் செட் வைக்கும் இடம் 200 மில்லிமீற்றர் அகலம், மற்றச் செட்டுகள் 178. இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையும் இடைவெளி விழும். அதற்கும் பிளாஸ்டிக் பட்டி விற்கிறார்கள்.

எல்லாம் பூட்டிய பிறகும் வானொலி இரைந்தது. கூரை ஏரியலில் அலையை வலுப்படுத்தும் பூஸ்டருக்கு மின்சாரம் கொடுக்கும் நீல வயர் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்ததும் இரைச்சல் நின்றது.

ரிவர்ஸ் கமராவில் தலையை மட்டும்தான் கழற்றினோம். டிக்கியிலிருந்து டாஷ்போர்டு வரை ஓடிய வயரை உருவுவதற்கு ஆகும் கூலியில் புது வயரே வாங்கலாம். எர்த் வயரை டிக்கிக் கதவின் திருகாணியொன்றில் முடுக்கியிருந்தார்கள். உப்புக்காற்றுப் பட்டு செம்பு பச்சை பூத்திருந்தது. மழைக்குப் படம் நடுங்கியதன் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். புதிய இடத்தில் பாஸ் பெயின்ட்டைச் சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினார்.

முன்னால் பாதையைப் பதிவுசெய்யும் டாஷ் கமராவை விட்டுவர மனமில்லை. ஹபரணை வழியாக இரவில் வருபவர்களுக்கு யானை குறுக்கே நிற்பது புதிதல்ல. அதோடு இது உள்ளே பட்டரிக்குப் பதிலாக, மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் உள்ள வகை. வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதுதான் தாங்கும். சிகரெட் லைட்டரின் பியூஸிலிருந்து மின்சாரம் எடுத்தோம், திறப்பை எடுத்தால் கமராவும் நின்றுவிடும். முன்கண்ணாடியின் பக்கத்தில் இருக்கும் முன்தூண் பிளாஸ்டிக்கைத் திறந்தபோது உள்ளே ஏர்பேக் சுருண்டு கிடந்தது. வயரை அதற்கு முன்னால் விட்டால் வெடிக்கும்போது அதையும் சேர்த்து முகத்தில் எறியும் என்று, பின்னால் கொண்டுபோய்க் கிளிப் போட்டார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன்.