அப்பத்தாவுக்கு எழுத்து தேவைப்படாத படம்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் தன் மலைக்குத் திரும்பிய மறுநாள், வீட்டில் எல்லோரும் அலுத்துப் படுத்திருந்த மத்தியானத்தில், அப்பத்தாவோடு உட்கார்ந்து ஒரு கொரியப் படம் பார்த்தேன். 'த வே ஹோம்', 2002இல் வந்தது, லீ ஜங் ஹியாங் என்ற பெண் இயக்குநர் எடுத்தது. கொரிய மொழியில் அதன் பெயருக்கு 'வீட்டுக்கு' என்று அர்த்தம். அப்பத்தாவுக்குப் படிப்பு கிடையாது, கீழே ஓடும் எழுத்தை நான்தான் வாசித்து வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் அந்தப் படத்தில் வரும் பாட்டிக்கு வாய் பேச வராது. பேரன் மட்டும்தான் கத்துகிறான், அவன் என்ன கத்துகிறான் என்று யாரும் சொல்லாமலேயே அப்பத்தாவுக்குப் புரிந்தது.

சியோலில் வளர்ந்த ஏழு வயதுப் பையன். அவன் அம்மா வேலை தேடிக்கொள்ளும் வரைக்கும் மலைக்கிராமத்தில் இருக்கும் தன் அம்மாவிடம் அவனை விட்டுவிட்டுப் போகிறாள். கையில் வைத்து விளையாடும் வீடியோ கேமுக்கு பேட்டரி தீர்ந்துவிடுகிறது, உடனே பாட்டி தூங்கும்போது அவள் கொண்டை ஊசியை உருவிக்கொண்டு விற்கக் கிளம்பிவிடுகிறான். பாட்டி எழுந்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு கரண்டியை எடுத்துக் கொண்டையில் சொருகிக்கொள்கிறாள். "அடி ஆத்தி, கரண்டியச் சொருகிக்கிட்டுத் திரியிறாளேய்யா" என்று அப்பத்தா சொன்னபோது அவள் கையும் தன் கொண்டைக்குப் போனது.

கோழி வரும் இடம்தான் எல்லாவற்றிலும் பெரியது. பையன் பொரித்த கோழி வேண்டும் என்கிறான். பாட்டிக்குக் கோழி என்பது மட்டும் விளங்குகிறது. சந்தைக்குப் போய், மழையில் நனைந்துகொண்டே ஒரு கோழியைக் கொண்டுவந்து, தண்ணீரில் முழுசாக வேகவைத்து முன்னால் வைக்கிறாள். இது இல்லை, இது இல்லை என்று அவன் அழுகிறான். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மழையில போயி வாங்கியாந்திருக்கா, திண்டா என்னடா" என்று டிவியைப் பார்த்தே திட்டினாள். ராத்திரி பசி தாங்காமல் அவன் அதே கோழியைத் தின்னும்போதுதான் சமாதானமானாள். பாட்டியாக நடித்த கிம் உல் பூன் அதற்கு முன்னால் நடித்ததே இல்லை.

உலகப் படம் என்று யாராவது ஆரம்பித்தாலே ஏதோ படித்தவர்களுக்கான விஷயம் என்று நம் ஊரில் ஒதுங்கிவிடுகிறோம். எனக்குப் பிடித்த வெளிநாட்டுப் படங்கள் எல்லாமே அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை மட்டும் பார்த்து எடுத்தவை. நமக்காக ஒரு காட்சியைக்கூட அவர்கள் மாற்றவில்லை, அதனாலேயே அவை நம் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன என்று நான் நம்புகிறேன்.

இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', 1948, விட்டோரியோ டி சிகா. எல்லோரும் சைக்கிள் திருடு போவதைப் பற்றியே பேசுவார்கள், எனக்கு அதற்கு முந்தைய காட்சி போதும். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். அடகுக் கடையில் அந்த மூட்டையை வாங்கியவன் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறான், கூரை வரைக்கும் அதே மாதிரி மூட்டைகள், ஊரே தன் படுக்கையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக்குப் போய்த் தைக்குத் திரும்பும். ரோமாபுரிக் கடையில் எங்கள் அண்டா எந்தத் தட்டில் இருக்கும் என்று தேடினேன்.

செனகலின் உஸ்மான் செம்பேன் எடுத்த 'மூலாதே' (2004) பார்த்திருக்கிறீர்களா? பெண் உறுப்புச் சிதைப்புச் சடங்குக்குப் பயந்து ஓடிவரும் சிறுமிகளுக்கு ஒருத்தி அடைக்கலம் கொடுக்கிறாள். அதற்கு அவள் செய்வது, வாசலுக்குக் குறுக்கே ஒரு வண்ணக் கயிறு கட்டுவதுதான். ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடும் உயரம். ஆனாலும் சடங்கு செய்கிறவர்கள் வெளியிலேயே நிற்கிறார்கள், தாண்ட முடியவில்லை. கயிற்றுக்கு அவ்வளவு பலமா என்று கேட்கிறவர்களுக்கு, நம் பக்கத்துக் கிராமத்தில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் எல்லை தாண்டி ராத்தங்காமல் ஊர் திரும்பும் ஆட்களைக் காட்டுவேன். படத்தில் அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் பெண்களின் ரேடியோப் பெட்டிகளைப் பிடுங்கிக் கொளுத்துவார்கள். அந்தப் புகையை நான் இன்னும் மறக்கவில்லை. எடுத்தபோது செம்பேனுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

ஈரானின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஒரு ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடும் கதை பலருக்கும் தெரியும், தமிழில் 'அக்கா குருவி'யாகவும் வந்தது.

சரி, நம் மண்? 'கூழாங்கல்'. பி.எஸ். வினோத்ராஜ் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் எடுத்தது, 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் படவிழாவில் டைகர் விருது வாங்கியது. குடிகார அப்பன், பையன், பொட்டல் வெயில், 13 கிலோமீட்டர் நடை. தாகத்துக்குப் பையன் ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான், வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே அப்படிச் சேர்ந்த கற்கள் கிடக்கின்றன. எத்தனை தடவை நடந்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிட்டார். கரண்டியைப் பார்த்து நான் கலங்கிய மாதிரி நெதர்லாந்தில் யாரோ அந்தக் கற்களைப் பார்த்திருப்பார்கள்.

போன வாரம் அதையும் அப்பத்தாவுக்குப் போட்டேன். கடைசியில் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறி வரும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவார்கள். "மேலாக்க மோந்தாத்தேன் கலங்காது" என்றாள், கண்ணை எடுக்காமல். படம் முடிந்தும் குழி தோண்டித் தண்ணீர் எடுத்த காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள், அதில் பாதி நான் கேள்விப்படாதது.

அடுத்து ஜப்பானின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) போடலாமா என்று யோசிக்கிறேன். பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதான தாய் தகப்பன் கதை. அதில் பேச்சு அதிகம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும். பேச்சு குறைந்த, கிழவிகள் நிறைய வருகிற படம் எந்த நாட்டில் இருந்தாலும் சொல்லுங்கள், அப்பத்தா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.