சாகக் கிடக்கும் டிஸ்கை உடனே கழற்றாதீர்கள்

வீட்டு சர்வரில் நான்கு டிஸ்குகள், ஒவ்வொன்றும் 8 டெராபைட். பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ரெய்டு-இசட்1 ஆகக் கட்டியது. அதாவது நான்கில் எது போனாலும் மிச்சம் மூன்றை வைத்துத் தரவை மீட்டுவிடலாம். இரண்டு போனால் எல்லாம் போச்சு. ஒரு நாள் காலையில் சர்வரிடமிருந்து மின்னஞ்சல்: ஒரு டிஸ்கில் படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டுகள், 8.

எட்டு என்றதும் எட்டு இடத்தில் பழுது என்று பதற வேண்டாம். இன்றைய டிஸ்குகளில் உண்மையான செக்டர் 4096 பைட். பழைய மென்பொருள்களுக்காக அதை 512 பைட்டாகக் கூறுபோட்டுக் காட்டுகிறது டிஸ்க். ஓர் இடம் கெட்டால் பல டிஸ்குகளில் கணக்கில் எட்டு ஏறும். ஆகவே எனக்கு வந்த செய்தியின் பொருள், ஒரே ஓர் இடம் போய்விட்டது என்பதுதான்.

டிஸ்கின் மேல் பழிபோடுமுன் கேபிளைப் பார்ப்பது என் வழக்கம். டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணுக்கு எதிரே இருப்பது, டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த கணக்கு. அது ஏறினால் கேபிளை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். என்னுடையதில் அது பூஜ்யம். நிலுவையில் இருக்கும் செக்டர்களைச் சொல்லும் 197 எட்டில் இருந்தது. இரவுக்குள் 24 ஆனது. வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5ஆம் எண்ணும் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. பூலின், அதாவது இந்த டிஸ்குகளின் தொகுப்பின், நிலையைச் சொல்லும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டிய பிழைகளும் ரீட் என்ற பத்தியில்தான் இருந்தன, படித்த தரவு சரியா என்று ஒப்பிடும் செக்சம் பத்தியில் இல்லை. டிஸ்க் தவறான தரவைத் தந்திருந்தால் செக்சம் ஏறும். அப்போது ரேமையும் கன்ட்ரோலரையும் கூடச் சந்தேகப்பட வேண்டும். இங்கே டிஸ்கே 'என்னால் படிக்க முடியவில்லை' என்று கையை விரித்துவிட்டது. வேறு சாட்சி எதற்கு?

'ஒன்றிரண்டு செக்டர்தானே, ஓடட்டும்' என்பவர்கள் உண்டு. கூகுள் பொறியாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றது அது. இன்னொன்றும் சொன்னது: செத்த டிஸ்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எதிலும் முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டவில்லை. சொல்லிவிட்டுச் சாகிற டிஸ்க் கிடைத்ததே பாக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வேலை பேக்கப். ரெய்டு பேக்கப் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள், அதையே திரும்பச் சொல்லி நீட்டவில்லை. ஏற்கெனவே ஒரு நகல் இருந்தது. அதற்குப் பின் சேர்ந்த படங்களையும் ஸ்கேன் செய்த ஆவணங்களையும் வெளி டிஸ்கில் ஏற்றினேன். சினிமாவை விட்டுவிட்டேன். அது போனால் மறுபடி கிடைக்கும்.

அடுத்து, மாற்று டிஸ்க். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அளவு: பழையதைவிடச் சிறியதாக இருந்தால் இசட்எஃப்எஸ் ஏற்காமல் போகலாம். நல்லவேளையாக 8 டெராபைட் டிஸ்குகள் இப்போது எந்த நிறுவனத்துடையது என்றாலும் பெரும்பாலும் ஒரே கணக்கில், 8,001,563,222,016 பைட்டில் வருகின்றன. மற்றது பதியும் முறை. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு தடத்தைத் திருத்த, அதையடுத்துக் கிடக்கும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் இது தெரியாது. புது டிஸ்கில் தரவை மறுபடி நிரப்பும் ரீசில்வர் போல மணிக்கணக்கில் விடாமல் எழுதும்போது மூச்சுத் திணறி, பதில் சொல்லத் தாமதித்து, பூலிலிருந்தே தள்ளப்படும் அளவுக்குப் போகும். இப்படிப்பட்ட டிஸ்குகள் சில, வீட்டு சர்வருக்கானவை என்ற பெயரிலேயே வகை சொல்லாமல் விற்கப்பட்டது 2020இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் பெட்டியின் மேல் அச்சடித்ததை நம்பாமல், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத் தாளில், தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று பார்த்த பிறகே வாங்கினேன்.

இனிதான் முக்கியமான கட்டம். சர்வரை நிறுத்தி, பழையதைப் பிடுங்கி, அதே இடத்தில் புதியதைச் செருகுவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்த கணத்தில் பூலுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போகிறது. மிச்சம் மூன்று டிஸ்குகளையும் பல மணி நேரம் விடாமல் படிக்கப்போகிறோம். அவையும் அதே வயது, அதே வெப்பத்தில் ஓடியவை. அவற்றில் ஓர் இடம் படிக்க முடியாமல் போனால் ஈடுகட்ட ஆளில்லை. ஆனால் என் பழைய டிஸ்கில் கெட்டது சில செக்டர்கள்தான். மற்றதெல்லாம் நன்றாகவே படிக்கிறது. இன்னொரு டிஸ்க் தடுக்கி விழும் இடத்தில் இது கைகொடுக்கும். இரண்டும் ஒரே இடத்தில் தடுக்கினால்தான் ஆபத்து. எனவே பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும்படி செய்வது என்று முடிவெடுத்தேன். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பல நொடி இழுத்து, பூல் முழுவதையும் முடக்குகிறது என்றால் கதை வேறு. அப்போது அதை ஆஃப்லைன் செய்துவிடுவதே நல்லது.

இதற்கு ஒரு காலி சாட்டா போர்ட் வேண்டும். என் மதர்போர்டில் இருந்தது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. கையேட்டைப் பார்த்து மாட்டினால் வீண் அலைச்சல் மிச்சம்.

மாட்டினேன். புது டிஸ்க் சுழலவே இல்லை. சூட்டும் இல்லை, அதிர்வும் இல்லை. டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பத் தோன்றும் இடம் இதுதான். புதிய சாட்டா விதிப்படி, மின்சார இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்குகள் அதை 'அணைந்திரு' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. பழைய பவர் சப்ளைகளோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பான் போட்டால் தீர்ந்தது, அதில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது. ஒரே பிளாஸ்டிக்காக வார்த்து வரும் மலிவான இணைப்பான்கள் உள்ளே குறுக்குச்சுற்று ஆகி உருகிய கதைகள் நிறைய உண்டு. கம்பிகளைத் தனித்தனியாகக் கவ்வி வைத்திருக்கும் வகையாகத் தேடி எடுத்தேன்.

ஓடத் தொடங்கியதும் நீண்ட ஸ்மார்ட் சோதனை ஒன்று. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது. அதற்கே அரை நாள் போல ஆனது. பேட்பிளாக்ஸ் என்ற சோதனை நிரலை வைத்து நான்கு முறை எழுதிப் படித்தும் பார்க்கலாம்தான். 8 டெராபைட்டுக்கு அது சில நாட்களைத் தின்னும். பக்கத்தில் ஒரு டிஸ்க் சாகக் கிடக்கும்போது அவ்வளவு பொறுமைக்கு இடமில்லை.

ரீப்ளேஸ் கட்டளையில், லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிசி, எஸ்டிடி போன்ற பெயர்களைத் தொடவில்லை. புதிதாக ஒரு டிஸ்க் சேர்ந்தாலே அவை இடம் மாறிக்கொள்ளக்கூடும். பை-ஐடி அடைவில் சீரியல் எண்ணோடு இருக்கும் நீளமான பெயர்களையே கொடுத்தேன். என்டர் தட்டியதும் ஸ்டேட்டஸில் 'ரீப்ளேசிங்' என்ற தலைப்பின் கீழ் பழையதும் புதியதும் சேர்ந்து தெரிந்தன. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணிப்பை ஆரம்பத்தில் நம்பாதீர்கள். 0.8 பதிப்பிலிருந்து ஓப்பன்-இசட்எஃப்எஸ் முதலில் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று தேடி வரிசைப்படுத்திவிட்டுத்தான் எழுதவே இறங்குகிறது. அதுவரை எண்கள் மேலும் கீழுமாக ஆடும். டிஸ்கில் உள்ள தரவை மட்டும் எழுதும், காலி இடத்தைத் தொடாது என்பது இதில் ஆறுதல்.

மூடியைத் திறந்து ஓட்டியதால் புது டிஸ்குக்குக் காற்றில்லை. வெப்பம் 47ஐத் தொட்டது. மேஜை விசிறியை அந்தப் பக்கம் திருப்பியதும் 40க்குக் கீழே இறங்கியது. நடுவில் பழைய டிஸ்க் மேலும் சில ரீட் பிழைகளைத் தந்தது. அந்தந்த இடத்தை மற்ற மூன்றிலிருந்தும் கணக்கிட்டு நிரப்பிக்கொண்டு ரீசில்வர் பாட்டுக்குப் போனது. முடிந்ததும் பழைய டிஸ்க் பட்டியலிலிருந்து தானாகவே விலகியது. தரவுப் பிழை எதுவும் இல்லை.

பிறகு சர்வரை நிறுத்தி, சீரியல் எண்ணைக் கண்ணால் சரிபார்த்துப் பழையதைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைத் திருகினேன். போர்ட் மாறியதை இசட்எஃப்எஸ் பொருட்படுத்தாது. டிஸ்கில் தான் எழுதிவைத்த குறிப்பை வைத்தே அடையாளம் காணும். உடனே, தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஒன்றை ஓட்டினேன். திருத்தியது 0 பைட்.

பழைய டிஸ்குக்கு வாரண்டி மிச்சமிருந்தது. கெட்ட செக்டர்கள் உள்ள டிஸ்கை மேலெழுதி முழுமையாக அழிக்க முடியாது. ஒதுக்கி வைத்த செக்டர்களைச் சாதாரண எழுதும் கட்டளை எட்டாது. என் தரவுத் தொகுப்புகள் தொடக்கத்திலிருந்தே என்கிரிப்ட் செய்தவை என்பதால் தயங்காமல் அனுப்பினேன். இல்லாவிட்டால் வாரண்டியை மறந்துவிட்டு டிரில் போட்டு ஓட்டையிட்டிருப்பேன். பதிலுக்கு வந்தது புதியது அல்ல, பழுது பார்த்துச் சோதித்த டிஸ்க். அதைப் பூலில் சேர்க்கவில்லை; வெளியே வைக்கும் இரண்டாவது பேக்கப்புக்கு ஒதுக்கியிருக்கிறேன். இப்போது அவசரம் ஏதுமில்லாததால் பேட்பிளாக்ஸின் நான்கு சுற்றையும் அதில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் இவ்வளவு பெரிய டிஸ்கை அது ஏற்றுக்கொள்ளாது.