முதலில் மலை, அப்புறம் மணல்: ஓமானில் மூன்று நாள்

மஸ்கட்டில் ரூவிக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகியும், நாங்கள் பார்த்த ஓமான் மத்ரா கடற்கரையும் நிஸ்வா கோட்டையும்தான். போன நவம்பரில், இங்கே வார விடுமுறையான வெள்ளி சனியோடு ஒரு வியாழனுக்கு லீவு போட்டு, மலையில் ஒரு இரவு, பாலைவனத்தில் ஒரு இரவு என்று கிளம்பினோம். இரண்டு குடும்பம், ஏழு பேர், இரண்டு வண்டி.

முதலில் நான் போட்ட திட்டம் இது: நிஸ்வா வழியாக ஜபல் ஷம்ஸ் மலை ஏறித் தங்குவது, மறுநாள் வாடி பனி அவ்ஃப் என்ற பள்ளத்தாக்கின் மலைப்பாதை வழியாக ருஸ்தாக் ஊருக்கு இறங்குவது, அன்று மாலையே வஹீபா மணல்வெளியில் கூடாரம் அடிப்பது. உடன் வந்த அண்ணன் நாகர்கோவில்காரர், இங்கே பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுபவர். தாளைப் பார்த்ததும், "தம்பி, கிலோமீட்டர் கணக்கு போடாதே, மணிக்கணக்கு போடு" என்றார். அந்த மலைப்பாதை எழுபது கிலோமீட்டர் போலத்தான், ஆனால் நிதானமாகப் போனால் நாலு மணி நேரம் பிடிக்கும். ருஸ்தாக்கிலிருந்து மஸ்கட் பக்கம் சுற்றி வஹீபாவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போது இருட்டிவிடும். தெரியாத மணலில் இருட்டில் இறங்கவே கூடாது.

அதனால் வழியைத் திருப்பிப் போட்டோம். ருஸ்தாக்கிலிருந்து மலை ஏறி, ஜபல் ஷம்ஸில் தங்கி, மறுநாள் நிஸ்வா, சினாவ் வழியாக வஹீபா மணலின் ஓரத்தில் இருக்கும் பிதியா. இதில் இன்னொரு லாபமும் உண்டு. செங்குத்துப் பாதையில் இறங்கும்போது புதிதாக ஓட்டுபவர்கள் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார்கள், அது சூடேறி வேலை செய்யாமல் போகும். ஏற்றத்தில் லோ கியரில் மெதுவாகப் போனால் போதும்.

வாடகைக்கு வண்டி எடுத்ததில்தான் ஏமாந்தோம். முதலில் முன்பணம் கட்டிய இடத்தில் ஒப்பந்தத்தை வீட்டில் வைத்துப் படித்தபோது, தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது. மலைக்கும் மணலுக்கும் போகிறோம் என்று சொல்லித்தான் பதிவு செய்தோம், அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை. வேறொரு இடத்தில், மலை, மணல் இரண்டுக்கும் காப்பீடு உண்டு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு இரண்டு பிராடோ எடுத்தோம். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும் என்றார் அண்ணன். ஒன்றின் ஸ்டெப்னி மற்றொன்றுக்கு ஆகும். அது எவ்வளவு பெரிய யோசனை என்று அப்புறம்தான் தெரிந்தது.

சாமான்கள்: மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் கம்ப்ரசர், காற்றழுத்தமானி, ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும் வரைபடம். அவசர எண் 9999 எல்லோர் போனிலும். விறகை மஸ்கட்டிலேயே வாங்கிவிட்டோம். பாலைவனத்து காஃப் மரத்தில் கை வைக்கக் கூடாது. அந்த மண்ணில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் இருக்கிற நிழலே அதுதான்.

வியாழன் காலை ருஸ்தாக்கில் பெட்ரோல் நிரப்பிவிட்டு மலை உச்சியைப் பார்த்தோம். வாடி என்றால் வறண்ட ஆற்றுப்படுகை. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். மேகம் தெரிந்தால் திரும்பிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அன்று வானம் சுத்தமாக இருந்தது.

பிலாத் சைத் கிராமம் தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆடு ஏற்றிய பிக்கப் எதிரே வந்தது. ஒரு வண்டிக்குத்தான் இடம். ஓட்டி வந்த பெரியவர் தயங்காமல், அந்த ஏற்றத்தில் ஐம்பது மீட்டர் பின்னாலேயே போய் அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று, கையை உயர்த்தி ஸலாம் சொன்னார். ஹாத் கிராமம் கடந்து, கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஷரஃப் அல் அலமைன் என்ற மலைமுகடு வந்த பிறகுதான் என் கைகள் ஸ்டியரிங்கில் தளர்ந்தன.

ஜபல் ஷம்ஸில் தரை முழுக்கப் பாறை. கூடார முளை ஒரு அங்குலம் கூட இறங்கவில்லை. கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினோம். இருட்டியதும் குளிர் எலும்பைத் தொட்டது, நவம்பரிலேயே. தடிமனான போர்வை இல்லாமல் அங்கே குழந்தைகளோடு போகாதீர்கள்.

வெள்ளி மதியம் பிதியா பக்கத்தில் அல் மின்தரிப் என்ற ஊரின் பஞ்சர் கடையில், மணலில் புதையாமல் ஓட டயரில் காற்று இறக்க நிறுத்தினோம். கடைப் பையன் எங்கள் வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு நிறுத்தினான். டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. மலைக் கல் கிழித்தது. காற்றை இறக்கினால் டயரின் பக்கச்சுவர்தான் பிதுங்கும், வெட்டு அங்கேயே பிளந்துவிடும் என்றான். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டோம். இனி இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஸ்டெப்னி. டயரின் காற்றழுத்தம் முப்பத்தைந்து பிஎஸ்ஐயிலிருந்து பதினாறாக இறங்கியது. டயர் ஒட்டகப் பாதம் மாதிரி அகலமாகப் பரந்து உட்கார்ந்தது.

மணலில் நான் செய்த ஒரு தப்பு: ஏற்றத்தைப் பார்த்தபடி நிறுத்தினேன். கிளப்பியதும் சக்கரம் சுழன்று தோண்ட ஆரம்பித்தது. "மிதிக்காதே தம்பி, மிதிச்சா புதைஞ்சிடும்!" என்று அண்ணன் ஓடி வந்தார். சக்கரங்களைச் சுற்றி மண்ணை வாரி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தோம். நாற்பது நிமிடம். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தால் இது நடந்தே இருக்காது. அதற்கு மேல் உள்ளே போகாமல், சாலை விளக்கு தூரத்தில் தெரிகிற மேட்டடியில் கூடாரம் அடித்தோம்.

காலையில் கூடாரம் நனைந்து கிடந்தது. கடல் பக்கமிருந்து வரும் ஈரம், பனியாக இறங்கியிருந்தது. மணல் இறுகிக் கிடந்ததால், வெயில் ஏறுமுன் எட்டு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். அதே பையன் எட்டு சக்கரத்துக்கும் காற்றடித்தான். முந்தைய நாள் கழற்றிய வெட்டுப்பட்ட டயரை வண்டிக்குள் போட்டுக் கொடுத்து, வாடகைக்காரரிடம் காட்ட இப்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். எடுத்துக்கொண்டோம்.