வெளியேறிய பிறகும் ஓடிக்கொண்டிருந்த செயல்முறைகள்

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் கணினி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதன் நினைவகம் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் நிரம்பிவிடும். மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும். காரணம் தெரியாமல் மறுதொடக்கம் செய்துகொண்டே இருப்பது எனக்கு உறுத்தலாக இருந்ததால், ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இருப்பவர்களைக் காட்டும் 'ஹூ' கட்டளை இரண்டு பேரைத்தான் காட்டியது. ஓடும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளை தந்த பட்டியலிலோ ஒன்பது பேரின் செயல்முறைகள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், இருந்தன. மீதி ஏழு பேரும் வெளியேறிவிட்டவர்கள். அவர்கள் திறந்துவைத்த உலாவியின் துணைச் செயல்முறைகளும், ஒலிச் சேவைகளும், கடவுச்சாவிகளை நினைவில் வைத்திருக்கும் முகவர் நிரல்களும் மட்டும் அப்படியே தங்கியிருந்தன.

அன்று நான் செய்தது தவறு. வெளியேறியவருக்கு இனி எதுவும் தேவைப்படாது என்று முடிவுகட்டி, அந்த ஏழு பேரின் செயல்முறைகள் அனைத்தையும் 'பிகில்' கட்டளையால், அதுவும் 9 என்ற எண்ணுள்ள குறிப்பலையை (செயல்முறைக்கு அனுப்பப்படும் சிறு செய்தியை) கொடுத்து, ஒரே மூச்சில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் சக ஊழியர் ஒருவர் வந்து, வெளியேறினாலும் வேலை தொடர உதவும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் மூன்று நாட்களாக ஓடிக்கொண்டிருந்த தன் கணக்கீடு காணாமல் போய்விட்டதாகச் சொன்னார். சிக்கில் எனப்படும் அந்த 9ஆம் குறிப்பலையை எந்த நிரலாலும் எதிர்கொள்ள முடியாது. இடைநிலை முடிவுகளைக் கோப்பில் எழுதி வைக்கக்கூட அதற்கு அவகாசம் கிடைக்காது. முதலில் 15ஆம் எண்ணான சிக்டெர்மை அனுப்பிச் சற்றுக் காத்திருந்தால், அவருடைய நிரலுக்குத் தன் நிலையைச் சேமித்துக்கொண்டு நிற்க வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இதை முறையாகக் கற்றுக்கொள்ளாமல் மறுபடி கைவைப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

எனக்கு முதலில் புரிய வேண்டியிருந்தது, இவை ஏன் தங்குகின்றன என்பதுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையம் மூடப்படும்போது சிக்ஹப் என்ற குறிப்பலை அனுப்பப்படுகிறது. தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியை அணுகிய நாட்களில், இணைப்பு துண்டிக்கப்பட்டதைத் தெரிவிக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. நோஹப் என்ற கட்டளை மூலம் தொடங்கிய நிரல் அதைப் புறக்கணித்துவிடும். டிமக்ஸின் சேவையகச் செயல்முறையோ முனையத்தோடு உள்ள பிணைப்பையே அறுத்துக்கொண்டு தனியே நிற்கும். வரைகலைத் திரையிலிருந்து தொடங்கிய நிரல்களுக்கு முனையம் என்ற ஒன்றே இல்லாததால், திரையின் இணைப்பு அறுந்தால்தான் அவை நிற்கும். திரையோடு இணைப்பே வைத்துக்கொள்ளாத துணை நிரல்களுக்கு அந்தச் செய்தியும் போய்ச் சேராது. ஆகவே வேண்டுமென்று விட்டுச்சென்றதும் மறந்து விட்டுப்போனதும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். பெயரைப் பார்த்து ஊகித்து நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி எங்கள் கணினியில் இருந்தது ஒரு வசதி. அதன் லாகின்டி என்ற பகுதி, ஒவ்வொருவர் உள்நுழையும்போதும் ஓர் அமர்வை உருவாக்கி, அதில் பிறக்கும் எல்லாச் செயல்முறைகளையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் உள்ள, செயல்முறைகளைக் குழுவாக்கும் சிகுரூப் வசதி வழியாக ஒரே குழுவில் வைக்கிறது. தாய்ச் செயல்முறை இறந்து, பிள்ளை, கணினி தொடங்கும்போது எழும் முதல் செயல்முறையின் பொறுப்புக்குப் போய்விட்டாலும் இந்தக் குழு மாறுவதில்லை. 'லாகின்சிடிஎல்' கட்டளையில் அமர்வின் நிலையைக் கேட்டபோது, வெளியேறியவர்களின் அமர்வுகள் 'குளோசிங்' என்ற நிலையில் நின்றிருந்தன. ஆள் போய்விட்டார், ஆனால் அவர் தொடங்கிய ஏதோ ஒன்று இன்னும் உள்ளே ஓடுகிறது என்பதே அதன் பொருள். எந்தெந்தச் செயல்முறை என்பதும் அங்கேயே மரம்போல் விரிந்து தெரிந்தது. வெளியேறிய கணத்திலேயே பார்த்துவிட்டுப் பதற வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசி அமர்வு முடிந்த பிறகும் பயனரின் சொந்தச் சேவைகளை நடத்தும் அவருக்கான சிஸ்டம்டி மேலாளர் இயல்பாக 10 விநாடிகள் காத்திருந்துதான் விலகும்.

அமர்வு முடியும்போது எஞ்சியவற்றை நிறுத்துவதற்கு, லாகின்டியின் அமைப்புக் கோப்பில் 'கில்யூசர்பிராசஸஸ்' என்ற தெரிவு இருக்கிறது. 2016இல் வெளியான 230ஆம் பதிப்பில் சிஸ்டம்டி இதையே இயல்புநிலையாக்கியபோது, டிமக்ஸும் அதைப் போன்ற ஸ்கிரீனும் நோஹப்பும் பயனற்றுப் போகின்றன என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அதை அணைத்தே தருகின்றன. இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் பலர் பகிரும் கணினியில், தங்க வேண்டியது எது என்பதை அதைத் தொடங்கியவரே அறிவிக்க வேண்டும். நிர்வாகி ஊகிக்கக் கூடாது. அதனால் அந்தத் தெரிவை இயக்குவது என்றும், நீண்ட வேலை உள்ளவர்களுக்கு 'லிங்கர்' அனுமதி கொடுப்பது என்றும் முடிவு செய்தேன். லிங்கர் பெற்ற பயனரின் மேலாளர், அவர் உள்ளே இல்லாதபோதும் ஓடும். கணினி மறுதொடக்கமானாலும் தானே எழும்.

சோதனைக் கணினியில்தான் முதலில் செய்து பார்த்தேன். நல்லவேளை. லிங்கர் கொடுத்த பிறகும், வெளியேறியதும் டிமக்ஸ் செத்துப்போனது. அரை நாள் தேடிய பின்பே காரணம் பிடிபட்டது: வழக்கம்போல் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லில் தொடங்கிய டிமக்ஸ், உள்நுழைவு அமர்வின் குழுவிலேயே பிறக்கிறது, அமர்வு முடியும்போது அதுவும் முடிந்துவிடும். லிங்கர் காப்பாற்றுவது பயனர் மேலாளரின் கீழ் உள்ளவற்றை மட்டுமே. டிமக்ஸை 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையோடு, 'யூசர்', 'ஸ்கோப்' என்ற இரு தெரிவுகளையும் சேர்த்துத் தொடங்கினால் அது மேலாளரின் கீழ்ப் போய்விடும். அப்படித் தொடங்கியதும், வெளியேறி மறுநாள் திரும்பி வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

இதை உண்மையான கணினிக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் எழுதினேன். கணக்கீட்டை இழந்த அந்தச் சக ஊழியரோடு உட்கார்ந்து, அவருடைய வேலையைத்தான் முதலில் புதிய முறைக்கு மாற்றினேன். யாருடைய கணக்கீடும் ஓடாத ஒரு மாலையில் மறுதொடக்கம் செய்து அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வாரக் கடைசியில் நினைவகம் நிரம்பவில்லை. 'குளோசிங்' நிலையில் ஓர் அமர்வும் இல்லை.

லிங்கர் பெற்ற ஒவ்வொருவர் பெயரிலும் சிஸ்டம்டி ஒரு வெற்றுக் கோப்பை 'லிங்கர்' என்ற அடைவில் வைத்திருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்கிறேன். இப்போது அங்கே நான்கு பெயர்கள் உள்ளன. அவற்றில் ஒருவர் சென்ற மாதம் வேறு பணிக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே அந்த அனுமதியை நீக்கப்போகிறேன்.