ஊட்டியில் அசிட்டோன் 48 டிகிரியில் கொதிக்கும்

இடமாறுதல் கலந்தாய்வில் ஊட்டி கிடைத்தபோது வீட்டில் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். ஸ்வெட்டர் வாங்கினேன், கம்பளி வாங்கினேன். விருதுநகரிலும் மதுரையிலும் எட்டு வருடம் வேதியியல் பாடம் எடுத்தவள் நான். மலை ஏறினால் ஆய்வகத்தில் என்னென்ன மாறும் என்று மட்டும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதைச் சரி செய்ய இரண்டு கல்வியாண்டு ஆனது. மலைக் கல்லூரிகளுக்கு மாறுதலில் வரும் உதவிப் பேராசிரியர் யாருக்காவது உதவும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பாடம் சமையலறையில் கிடைத்தது. சாமான்கள் வந்து சேராத அந்த வாரத்தில், குக்கர் இல்லாமல் பாத்திரத்திலேயே துவரம் பருப்பைப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தும் மசியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணி சட்டுனு கொதிச்சிரும் டீச்சர், ஆனா பருப்பு வேகாது. குக்கர் வர்ற வரைக்கும் எங்க வீட்ல வெச்சுக்கோங்க" என்றார். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன விஷயம்தான்.

அடுத்த பாடம் இரண்டாம் ஆண்டு கரிம வேதியியல் செய்முறை வகுப்பில். கொதிநிலை கண்டுபிடிக்கும் சோதனை. சின்னக் கண்ணாடிக் குழாயில் சில துளி திரவம், அதற்குள் ஒரு முனை அடைத்த நுண்புழாயைத் தலைகீழாகப் போட்டு, தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி லிக்விட் பாரபின் எண்ணெயில் இறக்குவோம். மெதுவாகச் சூடேற்றினால் நுண்புழாயின் வாயிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக வரும், பிறகு மணி கோத்த மாதிரி விடாமல் வரும். அப்போது தீயை எடுத்துவிட வேண்டும். குமிழ் நின்று, திரவம் நுண்புழாய்க்குள் சட்டென்று ஏறுகிற அந்த நொடியின் வெப்பநிலைதான் கொதிநிலை. கண்ணை எடுத்தால் தவறிவிடும்.

குந்தா பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி அசிட்டோனை வைத்து அதை மிக நிதானமாகச் செய்தாள். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் 48, 48.5, 48.5. அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் 48.5 என்று எழுதினாள். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தாள், ரப்பரை எடுத்து அழித்தாள், 56 என்று எழுதினாள். "ஏம்மா அழிச்சே?" என்று கேட்டேன். "அசிட்டோன்னா 56 தானே மேம். இல்லேன்னா எக்ஸ்டர்னல் மார்க் கொறச்சிருவாங்க" என்றாள். எக்ஸ்டர்னல் என்றால் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர்.

அன்று மாலை அலமாரியில் இருந்த பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் புரட்டினேன். அசிட்டோன் 56, எத்தில் அசிட்டேட் 77, டொலுவீன் 110. எல்லா பேட்சிலும் அதே எண்கள், ஒரு டிகிரி கூட ஏறவில்லை, இறங்கவில்லை. இந்த உயரத்தில் இருக்கும் ஒரு ஆய்வகத்தில் அந்த எண்களை யாரும் பார்த்திருக்கவே முடியாது. பிள்ளைகள் சரியாக அளந்திருக்கிறார்கள், சரியாக அளந்ததை அழித்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேர்வுக்காக என்று சொன்னாலும், கண்ணால் பார்த்ததை நம்பாதே என்று மூன்று வருடம் பழக்கி அனுப்புவதற்குப் பெயர் அறிவியல் பட்டம் இல்லை.

சரி, திருத்தம் போட வேண்டும் என்றால் முதலில் இங்குள்ள காற்றழுத்தம் தெரிய வேண்டும். மாணவர்கள் செல்போனில் வானிலைச் செயலியைத் திறந்து 1013 மில்லிபார் என்று காட்டினார்கள். அது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் அழுத்தம் இல்லை. எல்லா ஊரையும் ஒப்பிட வசதியாக, கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டு மாற்றிய எண். மலையில் வேலை செய்பவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் திருத்தமே வராது. நல்ல வேளை, இயற்பியல் துறையில் ஒரு பழைய ஃபோர்டின் பாரோமீட்டர் சுவரில் தொங்கியது. துறை நண்பர் தூசி தட்டி, கீழே தொட்டியில் பாதரசத்தைத் தந்த முனை தொடும்படி திருகிச் சரி செய்து கொடுத்தார். புத்தகத்தில் 76 சென்டிமீட்டர். எங்கள் பாதரசம் நின்றது 58.4-இல்.

அப்புறம் ஒரு பருவம் முழுக்க அளவெடுத்தோம். முதுகலை மாணவர்கள் நான்கு பேர் கூட நின்றார்கள். ஒவ்வொரு திரவத்தையும் வெவ்வேறு நாளில் அளப்பது, அளக்கும் முன் பாரோமீட்டரைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அசிட்டோன் 48-க்கும் 49-க்கும் நடுவில், எத்தில் அசிட்டேட் 69-ஐ ஒட்டி, எத்தனால் 72, டொலுவீன் 101-க்கும் 102-க்கும் நடுவில் வந்தன. திருத்தத்துக்கு சிட்னி யங் சூத்திரம் இருக்கிறது. அளந்த வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி, 760 மில்லிமீட்டரிலிருந்து நம் அழுத்தம் (584) எவ்வளவு குறைவோ அதனால் பெருக்கி, மறுபடி 0.00012-ஆல் பெருக்கினால் எத்தனை டிகிரி சேர்க்க வேண்டும் என்று வரும். தண்ணீர், ஆல்கஹால் போல மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் திரவங்களுக்கு 0.00010. அந்த மாணவியின் 48.5-ஐப் போட்டுப் பாருங்கள்: 321.5, 176, 0.00012 மூன்றையும் பெருக்கினால் 6.8. கூட்டினால் 55.3. புத்தகத்தின் 56-க்கு ஒரு டிகிரி பக்கத்தில் வந்துவிட்டது. அந்த ஒரு டிகிரியும் அவள் பிழை இல்லை. இது சின்னச் சின்ன அழுத்த வேறுபாடுகளுக்காக நேர்கோட்டில் போட்ட சூத்திரம். எங்கள் அளவு வித்தியாசத்துக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும்.

உருகுநிலைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பென்சாயிக் அமிலம் சென்னையிலும் 122, இங்கேயும் 122. திண்மம் திரவமாக மாறும்போது கன அளவு பெரிதாக மாறுவதில்லை, அதனால் காற்றழுத்தம் அதை அசைக்காது. இரண்டு சோதனைகளையும் ஒரே வாரத்தில் வைத்ததும், நான் சொல்லாமலே மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

கஷ்டமான கட்டம் தேர்வுதான். முதல் வருடம் ரெக்கார்டில் அளந்தது, அழுத்தம், திருத்தியது என்று மூன்று நெடுவரிசை போட வைத்தேன். கீழேயிருந்து வந்த எக்ஸ்டர்னல் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "விடை 56, நீங்க எழுதினது 48" என்று மதிப்பெண் குறைத்தார். பதினோரு பிள்ளைகள். என்னை நம்பி எழுதியவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வருடம் துறைத்தலைவரிடம் பேசி, பாரோமீட்டர் குறிப்பேடு, எங்கள் அட்டவணை, ஒரு மாதிரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே தேர்வாளருக்கு அனுப்பினோம். வந்தவரை முதலில் பாரோமீட்டர் முன்னால் நிறுத்தினோம். பீக்கரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுத்தோம். 93-ஐத் தொட்டு அப்படியே நின்றதை அவர் நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திருத்தின மதிப்புக்கு மார்க் போடுவோம், அளந்ததும் இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு அந்தத் தாள் இல்லாமல் எங்கள் துறையில் செய்முறைத் தேர்வு நடப்பதில்லை. மலைக்கு வருகிறவர்கள் முதல் வருடமே இதைச் செய்துவிடுங்கள்.

குளிர் செய்யும் வேலைகள் தனி. டிசம்பர் காலையில் ஸ்டோர் ரூமைத் திறந்தால் கிளேசியல் அசிட்டிக் அமிலம் பாட்டிலோடு உறைந்து, கண்ணாடிச் சுவரில் இறகு இறகாகப் படிகம் கட்டி நிற்கும். அதன் உறைநிலை 16.6 டிகிரி. மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் போதும். தீப்பிடிக்கும் ஆவி என்பதால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மீத்தைல் அசிட்டேட் நீராற்பகுப்பும், அதாவது அது தண்ணீரோடு வினைபுரிந்து எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று அளக்கும் சோதனையும், அப்படித்தான். 30 டிகிரி அறைக்காக எழுதிய நேர இடைவெளியில் இங்கே 16 டிகிரியில் தரம்பார்த்தால் (உருவான அமிலத்தைக் காரம் சொட்டி அளந்தால்) பியூரெட் அளவு நகரவே நகராது. வினை வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு பெரிய தொட்டியில் 30 டிகிரித் தண்ணீர் வைத்து குடுவையை அதற்குள்ளேயே நிறுத்தத் தொடங்கிய பிறகுதான் மூன்று மணி நேரத்தில் சோதனை முடிந்தது.

இந்த மலைக்கு வேதியியல் புதிது இல்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், பிலிம் தொழிற்சாலையில் தாத்தா வேலை பார்த்த மாணவி இருக்கிறாள். கோத்தகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன், வீட்டில் கற்பூர மரத்து இலை போட்டுத் தைலம் காய்ச்சுவார்கள் என்றான். நீராவியில் வடித்தால் தைலம் தண்ணீரின் கொதிநிலையைவிடக் குறைந்த சூட்டிலேயே தண்ணீரோடு சேர்ந்து வந்துவிடும். தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். "அப்போ எங்க வீட்டு அண்டால எத்தனை டிகிரி மேம்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காகத்தான் போன வருடம் சிவப்பு ஸ்பிரிட் தெர்மாமீட்டர்களை ஐஸ் தண்ணீரில் சரிபார்த்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். பாதரசத் தெர்மாமீட்டரை வெளியே விடக் கூடாது. திங்கட்கிழமை வந்து ஒவ்வொருவராகக் கரும்பலகையில் எழுதினார்கள். ஊட்டி 93. குன்னூர் 94. கூடலூர் 96.5. கடைசியாக, விடியற்காலைப் பஸ் பிடித்து வரும் மேட்டுப்பாளையத்து மாணவி வந்தாள். 99 என்று பேனாவால் எழுதிய நோட்டை முதலில் என்னிடம் காட்டினாள், அப்புறம் சாக்பீஸை எடுத்தாள்.