நெப்ராஸ்கா: ஜீன்ஸ் பையில் கிடந்த கேசட் ஆல்பமான கதை

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "வீட்டுப் படுக்கையறையில் நாலு ட்ராக் கேசட்டில் பதிந்தது" என்ற வரி கூடவே வந்துவிடும். சரியான தகவல்தான் (ட்ராக் என்பது தனியாகப் பதிந்து, தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒலித்தடம்). ஆனால் அதோடு நிறுத்திவிடுவதால், அந்த ஒலி ஏன் அப்படி இருக்கிறது, அதை ஏன் பெரிய ஸ்டூடியோவால் திரும்பச் செய்ய முடியவில்லை என்ற சுவாரசியமான பகுதி விட்டுப்போகிறது. என் கணக்கில் நாலு ட்ராக் பாதிதான். மீதிப் பாதி, அந்த நாலையும் இரண்டாகச் சுருக்கிய மிக்ஸ்.

1980இல் வந்த 'தி ரிவர்' இருபது பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். ஸ்டூடியோவுக்குள் போய், இசைக்குழுவோடு பாட்டைத் தேடித் தேடிப் பதிந்தது. நேரமும் பணமும் கரைந்தன. அடுத்த முறை பாட்டு தேறுமா தேறாதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போகலாம் என்பதுதான் ஸ்பிரிங்ஸ்டீனின் திட்டம். கித்தார்களைப் பராமரிக்கும் மைக் பேட்லனிடம் ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கிவரச் சொன்னார். நியூ ஜெர்ஸியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீடு. பெரும்பாலான பாட்டுகள் 1982 ஜனவரி தொடக்கத்துக்குள் முடிந்துவிட்டன. 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' மட்டும் அதே ஆண்டு மே மாதம் சேர்ந்தது.

பேட்லன் வாங்கிவந்தது டியாக் 144 போர்ட்டாஸ்டூடியோ. 1979இல் சந்தைக்கு வந்த இந்தப் பெட்டிதான் சாதாரண கேசட்டில் நாலு ட்ராக் பதியும் முதல் இயந்திரம். கேசட் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். வழக்கமான டெக் அதில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று ட்ராக் போடும். 144 நாலையும் ஒரே திசையில் ஓட்டிவிடும். பி பக்கம் என்பதே கிடையாது. வேகமும் இரட்டிப்பு: நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதில் 9.5. சிக்ஸ்டி (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) கேசட் போட்டால் கையில் கிடைப்பது 15 நிமிடம், நைன்டி போட்டால் இருபத்திரண்டரை நிமிடம். வேகம் கூடினால் உச்ச ஸ்தாயி தெளியும், சுருதி ஆட்டமும் குறையும். ஆனால் ட்ராக் ஒவ்வொன்றும் மெல்லிய இழை என்பதால் டேப்பின் 'ஸ்ஸ்' ஓசை போகாது. டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறை அதைக் கொஞ்சம் அமுக்கும், அவ்வளவுதான்.

மைக் இரண்டு, இரண்டுமே ஷுர் எஸ்எம்57. மேடைக்காரர்களின் முரட்டு மைக். எதிரில் இருப்பதை நன்றாகப் பிடிக்கும், பின்னால் இருப்பதை ஒதுக்கும்; ஒலித்தடுப்பு ஏதும் இல்லாத வீட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான மைக் கிடையாது. வாயை நெருக்கமாக வைத்தால் கீழ் ஸ்தாயி தானாகப் பருத்துக்கொள்ளும். தலைப்புப் பாட்டில் கொலைகாரன் சார்லஸ் ஸ்டார்க்வெதர் தன் கதையைக் காதோரம் சொல்வதுபோல் கேட்பதற்கு, பாடிய விதம் பாதிக் காரணம் என்றால் மைக்கின் நெருக்கம் மீதி.

ஒருவரே பாடிக்கொண்டு கித்தாரும் வாசிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. குரல் மைக்கில் கித்தார் கசியும், கித்தார் மைக்கில் குரல் கசியும். ஒரு வரியைச் சரியாகப் பாடவில்லை என்று அந்த இடத்தில் குரலை மட்டும் மாற்றிப் பதிந்தால், கித்தார் ட்ராக்கில் பழைய குரல் பேய் மாதிரி பின்னால் கேட்கும். ஆகவே முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் எடுத்தாக வேண்டும். இந்த ஆல்பத்தில் பாட்டுகள் தைத்து ஒட்டியது போல் இல்லாமல் இருப்பதற்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம்.

குரலும் கித்தாரும் இரண்டு ட்ராக்கை எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டு. அதில்தான் துணைக்குரல், ஹார்மோனிக்கா, மாண்டலின், கிளாக்கன்ஸ்பீல், தாம்பரின் எல்லாம் இடம்பிடிக்க வேண்டும். 'அட்லாண்டிக் சிட்டி'யில் பின்னால் எழும் குரல்களும் மாண்டலினும் அப்படி வந்தவை. 'ஸ்டேட் ட்ரூப்பர்' மிச்ச ட்ராக்குகளைத் தொடவே இல்லை: ஒரு கித்தார், ஒரு குரல், விடாத தாளம், முடிவை நெருங்கும்போது ஒரு அலறல். முழு ஆல்பத்தில் எனக்கு இதுதான் முதலிடம்.

இனி மிக்ஸ். நாலு ட்ராக்கையும் ஸ்டீரியோவாக்க இன்னொரு ரெக்கார்டர் வேண்டும். ஸ்பிரிங்ஸ்டீனிடம் இருந்தது ஒரு பானசோனிக், நம்மூரில் டூ-இன்-ஒன் என்போமே, அந்த வகை. ஆற்றில் நனைந்து செத்துப்போய், பிறகு தானே உயிர்பெற்ற பெட்டி அது. போர்ட்டாஸ்டூடியோவிலிருந்து வந்த ஒலி எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாகப் போய் அதில் விழுந்தது. எக்கோபிளெக்ஸில் ஒரு டேப் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும்; பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் உள்ள தூரத்தை மாற்றினால் எதிரொலியின் இடைவெளி மாறும். இப்படி மிக்ஸிலேயே எதிரொலியைக் கலந்துவிட்டால், பிறகு அதைத் தனியாகப் பிரித்தெடுக்க வழி இல்லை. நனைந்த பெட்டியின் குணமும் அதோடு சேர்ந்து டேப்பில் ஏறிவிட்டது.

அந்த கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு பல வாரம் சுற்றினார். அது டெமோ, அதாவது மாதிரிப் பதிவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏப்ரலில் நியூ யார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் ஸ்பிரிங்ஸ்டீனின் இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்ட் அந்தப் பாட்டுகளை எடுத்து வாசித்தது. சில பாட்டுகள் பிடித்துக்கொண்டன. 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.'வும் 'டவுன்பவுண்ட் ட்ரெய்ன்'னும் அந்த கேசட்டில் இருந்தவைதான். 'பார்ன் இன் த யூ.எஸ்.ஏ.' என்ற 1984 ஆல்பத்துக்குப் போயின. மற்றவை எடுபடவில்லை. டிரம் நுழைந்தால் பாட்டுக்காரன் குரலை உயர்த்தியாக வேண்டும். உயர்த்தினால் அந்தக் கதைசொல்லி காணாமல் போகிறான். சரி, தனியாகவே நல்ல ஸ்டூடியோவில் பாடிப் பார்ப்போம் என்று அதையும் முயன்றார்கள். சுத்தமாக இருந்தது, உயிர் இல்லை. கடைசியில் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. டேப்பில் பிரச்சினை இல்லாமல் ஓடியது இசைத்தட்டில் ஏற மறுத்தது. ஸ்டீரியோ தட்டில் இரண்டு சேனலுக்கும் பொதுவான ஒலி பள்ளத்தைப் பக்கவாட்டில் வளைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பள்ளத்தை ஆழமாக்கும் அல்லது மேலே தூக்கும். இரண்டு சேனலும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் சில இடங்களில் பள்ளம் மேலெழுந்து காணாமல் போகும், ஊசி வெளியே குதிக்கும். இப்படி அலைகள் ஒத்துப்போகாததைக் கட்டப் பிசகு (ஃபேஸ் பிசகு) என்பார்கள்; இந்த கேசட்டில் அது நிறைய. கசிந்த மைக்குகள், டேப் எதிரொலி, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போன பிரதி: பிசகு உண்டாக இதில் எதுவும் போதும். பாப் லட்விக் உட்படப் பெயர்பெற்ற மாஸ்டரிங் ஆட்கள் (முடிந்த டேப்பைத் தட்டுக்குத் தயார் செய்பவர்கள்) பலர் முயன்றும் ஊசி நிற்கவில்லை. அட்லாண்டிக் ஸ்டூடியோவில் டென்னிஸ் கிங்குக்கும் முதல்முறை அதே கதி. பிறகு ஒலி அளவை வெகுவாகக் குறைத்து வெட்டினார். பள்ளத்தின் ஆட்டம் சுருங்கியதும் ஊசி நிலைத்தது. தட்டில் கேட்பவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள்: வால்யூமைக் கூட்டித்தான் கேட்க வேண்டும், கூட்டினால் தட்டின் கரகரப்பும் சேர்ந்தே வரும்.

1982 செப்டம்பரில் கொலம்பியா வெளியிட்டது. சுற்றுப்பயணம் கிடையாது. இருந்தும் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

இதே முறையில் பதிய ஆசைப்படுபவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய போர்ட்டாஸ்டூடியோ கிடைத்தால் முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் (டேப்பை இழுக்கும் உலோகத் தண்டு) துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அந்த ஆல்கஹாலை அதிகம் காட்டாதீர்கள், காய்ந்து வெடிக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி ஆடும், மாற்றிவிடுங்கள். டேப் குரோம் வகையாக இருக்கட்டும். வேகம் மாற்றும் குமிழ் நடுப்புள்ளியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லையென்றால் ஜனவரியில் பதிந்த கித்தாரோடு மே மாத ஹார்மோனிக்கா சேராது. கித்தார் மைக்கை பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். துளைக்கு நேரே வைத்தால் குமுறும். இரண்டு மைக்குக்கும் நடுவே உள்ள தூரம், மைக்குக்கும் அது பிடிக்கவேண்டிய பொருளுக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் கசிவின் தொல்லை குறையும். எதிரொலியை மிக்ஸில் கலப்பதற்கு முன் அது இல்லாமல் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். மிக்ஸ் முடிந்ததும் மோனோவில், அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருமுறை கேளுங்கள். குரல் மெலிந்தால் கட்டப் பிசகு இருக்கிறது என்று பொருள். எல்லாம் சரியென்றால் கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டு உறையில் போடுங்கள்.