பிடிமண்

2019 மாசி சிவராத்திரி. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் அங்காள ஈஸ்வரிக்கு நாலாம் காலப் பூசை முடிந்து கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பூசாரி ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“யாருக்குப்பா மண்ணு?”

“எங்க அய்யாவுக்கு.”

“அவரு போய்ச் சேந்து நாப்பது வருசம் இருக்குமே?”

“ஆமா. அவர் கேட்டு அம்பது வருசமாச்சு.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆத்தாளிடம் பூக் கேட்டார். வலது பக்கம் செவ்வரளி விழுந்ததும், நான் விரித்துப் பிடித்திருந்த மஞ்சள் துணியில் மண்ணைப் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார். “வழியில எங்கயும் கீழ வச்சிராத” என்று மட்டும் சொன்னார்.

அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1968இல் மணிப்பூரில் உள்ள மோரேயிலிருந்து அப்பத்தாவுக்கு எழுதிய இன்லாந்து கடிதம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன கடிதம். அதில் இப்படி ஒரு வரி: “பின்கட்டுல ஒரு கல்லை நட்டு ஆத்தாளா நெனச்சு விளக்குப் போடுறேன். நம்ம மண்ணு இல்லாம மனசு ஒப்பல. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஒரு பிடி குடுத்து விடு.”

ஊரை விட்டுப் போகிறவர்கள் தாய்க்கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், போன இடத்தில் அதைப் போட்டுத்தான் சாமியை நிலைநிறுத்துவார்கள். அய்யாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. சென்னையில் பர்மா அகதிகள் குடியிருப்பில் மூன்று பிள்ளைகளோடு இட்லி விற்றுக்கொண்டிருந்த அப்பத்தா, மோரேக்குப் போகிற ஆளை எங்கே தேடுவாள்? அப்பா போக நினைத்து நினைத்தே காலமாகிவிட்டார். கடன் என்னிடம் வந்தது.

இம்பாலில் இறங்கியதும் முதலில் மொய்ராங் போனேன். இம்பாலிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர், லோக்தாக் ஏரிக்கரை ஊர். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் சௌகத் மாலிக் கொடியேற்றிய இடம் அது. நேதாஜியின் சிலையும், சிங்கப்பூரில் எழுப்பிய தியாகிகள் நினைவுச் சின்னத்தின் மறுவடிவமும் அங்கே இருக்கின்றன. மூலச் சின்னத்தை 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துத் தள்ளினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை; எனக்கு அது கோயில். அந்த ஊரின் காவல் தெய்வம் தாங்ஜிங். நம் எல்லையில் நிற்கும் அய்யனார் மாதிரி, மொய்ராங் மக்களுக்கு அவர் தலைமுறை தலைமுறையாகக் காவல். அவரையும் கும்பிட்டு, “இந்த மண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு சாமி” என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மோரேக்கு ஜீப். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் இருக்கும். பல்லேல் வரை வயல்வெளி. அதன் பிறகு மலை. வண்டி ஏற ஏற எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அய்யாவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சாலையில்தான் கிடக்கிறது.

பதினாறு வயதில் ரங்கூன் போய் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர் அவர். 1942இல் ஜப்பான்காரர்களுக்குப் பயந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து கால்நடையாகவே கிளம்பினார்கள். அதில் ஒரு பெருங்கூட்டம், மோரேக்கு எதிரே பர்மா எல்லையில் இருக்கும் தமு, பல்லேல் வழியாக இம்பாலுக்கு வந்தது. அய்யா கிளம்பவில்லை. 1944இல் நேதாஜி தன் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தபோது படையில் சேர்ந்தார். தமுவிலிருந்து இதே மலையில் அரிசியும் தோட்டாவும் முதுகில் சுமந்து, முன்னணிக்குக் கொண்டுபோன கூட்டத்தில் ஒருவர். “துப்பாக்கி கையில இருந்துச்சு, ஆனா மூட்டைதான் கடைசி வரைக்கும்” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நேதாஜி படையின் காந்தி படைப்பிரிவு அந்த மே மாதத் தொடக்கத்தில் பல்லேல் விமானத்தளத்தைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

தெங்நௌபால் மேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் கீழே மணிப்பூர்ச் சமவெளி. அவர்கள் ‘டெல்லி சலோ’ என்று முழங்கிக்கொண்டு வந்த தேசம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. குண்டடிபட்டவர்களைவிடக் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் அதிகம். காட்டுக் கீரையைப் பறித்து, உப்பில்லாமல் வேகவைத்துத் தின்றுகொண்டே பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டினார்களாம். வழியில் விழுந்தவனைப் புதைக்கத் தெம்பில்லாமல், முகத்தை இலையால் மூடி, “ஆத்தா பாத்துக்க” என்று சொல்லிவிட்டு நடந்ததை அய்யா சாகும்வரை மறக்கவில்லை. அந்த மேட்டில் ஒரு தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்துத் தண்ணீர் விட்டேன்.

1945 மே மாதம் ரங்கூன் மறுபடி பிரிட்டிஷார் கைக்குப் போனது. சரணடைந்து, விடுதலையாகி, பழைய ஆலைக்கே திரும்பினார். கல்யாணம், பிள்ளைகள், சொந்தமாக ஒரு சின்னக் கடை. 1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மறு வருஷம் குடும்பத்தோடு கப்பலில் சென்னை. முகாம் வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. “கடையையாவது மீட்டுட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு, தம்மைப் போன்ற சிலரோடு ரயிலேறி, இம்பால் வந்து, இந்த மலையைத் திரும்பவும் நடந்தே தாண்டினார். எல்லையில் பர்மா சிப்பாய்கள் உள்ளே விடவில்லை.

1944இல் கிழக்கேயிருந்து வந்தபோதும் இதே சாலை அவரைத் திருப்பியனுப்பியது. இருபது வருஷம் கழித்து மேற்கேயிருந்து வந்தபோதும் திருப்பியனுப்பப் பார்த்தது. இந்தத் தடவை அவர் திரும்பவில்லை. மூங்கிலை வெட்டி, குடிசை போட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்தவர்கள்தான் மோரேத் தமிழர்கள்.

மோரேக்குள் நுழைந்ததும் ஸ்ரீ அங்காள பரமேஸ்வரி, ஸ்ரீ முனீஸ்வரர் கோயிலின் கோபுரம் தெரிந்தது. மலையும் மூங்கிலும் சூழ்ந்த அந்த ஊரில், நம் ஊர் வண்ணங்களோடு ஒரு கோபுரத்தைப் பார்த்த கணத்தில் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சந்நிதியில் கற்பூர வெளிச்சம் பட்டு ஆத்தாள் முகம் தெரிந்தபோது, “அய்யா, வந்துட்டேன்” என்றுதான் வாயில் வந்தது. என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. முடிச்சை அவள் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டேன்.

அய்யா இருந்த இடம் இப்போது வேறொரு குடும்பத்தின் வீடு. கடிதத்தைக் காட்டி விசாரித்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி வந்தார். கன்னத்தில் பர்மியப் பெண்களைப் போலத் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்துப் பூச்சு, நெற்றியில் திருநீறு.

“மூட்டைக்காரர் பேரனா நீ?” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கொல்லைப்புறம் கூட்டிப்போனார். முழங்கால் உயரத்தில் ஒரு கல். மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிக் கறுத்து வழவழப்பாக இருந்தது. முன்னால் ஓர் அகல். அன்று காலையில் எரிந்த திரி இன்னும் நுனியில் கருகிக் கிடந்தது. “அவரு போன பிறகு நான்தான் வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறேன். யாராச்சும் வருவாகன்னு சொல்லிட்டே இருப்பாரு” என்றார்.

கல்லைச் சுற்றிக் கையாலேயே தோண்டினேன். அங்கே மண் ஈரமாக, செம்மையாக இருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். எங்கள் ஊர்க் கரிசல், கறுத்துக் காய்ந்து, உள்ளே ஒரு வேப்பிலைச் சருகோடு. இரண்டையும் கலந்து மூடி, செம்பில் நீர் வார்த்தபோது, ஆச்சி குலவையிட்டார். ஒற்றைக் குரல் குலவை.

பூசை முடிந்ததும் துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டித் தரச் சொல்லி வாங்கி, ஒரு துளி நெற்றியில் இட்டுக்கொண்டார். மீதியைத் தாளில் மடித்து முந்தானையில் முடிந்தார்.

“தமுவுல எங்க அக்கா இருக்கா. எந்திரிக்க முடியாமக் கிடக்கா. நம்ம பக்கத்து மண்ணுன்னா தெம்பு வரும்.”

மறுநாள் காலை எல்லைக் கேட் திறந்ததும், பகல் பாஸ் வாங்கிக்கொண்டு பர்மாப் பக்கம் உள்ள நம்ஃபாலோங் சந்தைக்குப் போகும் கூட்டத்தோடு அவரும் நடந்தார். காவலர் பையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போனதும் ஆச்சி திரும்பி, முந்தானை முடிச்சைத் தூக்கி எனக்குக் காட்டினார்.